இனிக்காத சீனியும் ஸஹீதாவின் சக்களத்தியும்

ஸஹீதாவின் வீட்டில் இரண்டு வருடமாக ஒரு சக்களத்தி குடியிருக்கிறாள். வயது இருபதுகூட ஆகவில்லை. மெலிந்த உடம்பு, இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. சமைக்க மாட்டாள், முற்றம் கூட்ட மாட்டாள், நேரத்துக்கு மருந்துக் குளிசை எடுத்துக் கொடுக்க மாட்டாள். ஆனால் வீட்டுக்கு வருகிற மஸ்கட் இனிப்பில் பாதி அவளுக்கென்று எடுத்து வைக்கப்படும்.

காத்தான்குடியில் அந்த ஒழுங்கையின் எந்த வீட்டில் கேட்டாலும் அவளைக் கண்டதில்லை என்பார்கள். கண்டவர் ஒருவர்தான், ஸஹீதாவின் கணவர் முத்தலிப். அவரும் இப்போது காண்பதில்லை, காத்துக்கொண்டிருக்கிறார். மஸ்கட்டைக் கடதாசியில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, கதவுச் சீலையைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அவள் வருவதற்கு முன்னால் எறும்பு வந்துவிடும். எறும்பைப் பின்தொடர்ந்து ஸஹீதா வருவார். தலையணையைத் தூக்குவார். கடதாசியைக் காண்பார். அன்றைய நாள் கெட்டுவிடும்.

சக்களத்தியின் பெயரும் ஸஹீதாதான். கலியாணம் முடித்த மாதத்தில் இருந்த ஸஹீதா.

முத்தலிப்புக்கு வந்திருப்பது அல்சைமர் என்று வைத்தியர் சொன்னார். லொறியில் கடைசியாக ஏற்றிய மூடையைத்தானே முதலில் இறக்குவார்கள்? அவருடைய தலையிலும் அப்படித்தான் நடந்தது. நேற்றுச் சாப்பிட்டது முதலில் போனது. பிறகு கட்டாரில் வேலை செய்யும் மகன் அப்ஹாம் போனான். பிறகு சுனாமி போனது, நாட்டுச் சண்டை போனது, அப்ஹாம் பிறந்ததும் போனது. ஒவ்வொன்றாக இறக்கி இறக்கி இப்போது ஆள் கலியாணம் முடித்த முதல் மாதத்தில் வந்து நிற்கிறார். எழுபதைத் தாண்டிய புது மாப்பிள்ளை.

புது மாப்பிள்ளை வந்து இறங்கிய வீட்டில், அறுபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தர் வெள்ளை முக்காட்டோடு, தடித்த கண்ணாடியோடு, விக்ஸ் மணக்க மணக்க அடுப்படிக்கும் அறைக்கும் நடந்தால் அவர் யாராக இருக்க முடியும்? மாமியாகத்தான் இருக்க முடியும். இதில் முத்தலிப்பின் பிழை ஒன்றுமில்லை. ஸஹீதா தன் உம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறார். அந்தக் கண்ணாடிகூட ஒரே மாதிரி.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் வந்து குறுக்கே படுக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு வந்து புகுவார். வந்தவருக்கும் மாமிக்கும் நடுவில் ஒரு சீலை தொங்கும். அந்தக் காலத்தில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். மாமி சீலைக்குப் பின்னால் நின்று “சோறு வெச்சிரிக்கி” என்று சுவருக்குச் சொல்வார். மருமகன் முகட்டைப் பார்த்து “ஓம்” என்பார். அந்த வழக்கம் இப்போது ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் இல்லை. முத்தலிப்பின் தலைக்குள் மட்டும் ஒழுங்காக நடக்கிறது.

முதல் தடவை அது நடந்த காலையில் ஸஹீதா தேத்தண்ணிக் கோப்பையோடு அறைக்குள் போனார். முத்தலிப் பதறி எழுந்து, மடித்துக் கட்டியிருந்த சாரனை அவிழ்த்து விட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“என்ன பாக்கிறீங்க? நான்தான்.”

“மாமி, ஸஹீதா எங்க போயிரிக்கி?” என்று கேட்டார் அவர், சுவரிடம்.

“ஸஹீதா நான்தான்.”

முத்தலிப் சுவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். “மாமி பகிடி விடுறாங்க.”

ஸஹீதா அலுமாரியைத் திறந்து தன் அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தார். “மாமிட படம் வடிவா விழுந்திரிக்கி” என்று திருப்பிக் கொடுத்தார்.

சரி, மறந்துவிட்டார். மறதியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஸஹீதாவால் பொறுக்க முடியாதது அவர் மறக்காமல் வைத்திருப்பது.

முத்தலிப்புக்கு இறால் யாவாரம். விடியுமுன் வாவிக் கரைகளுக்குப் போவார். பழுகாமம் வரைக்கும் போய்த் தோணிக்காரர்களிடம் இறால் எடுத்து, தலையைக் கிள்ளித் தண்ணீரில் எறிந்துவிட்டு, உடம்பை ஐஸோடு ரெஜிபோம் பெட்டியில் அடுக்கிக் கொம்பனிக்குக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் குளிப்பு, சாப்பாடு, தூக்கம். கூப்பிட வேண்டுமென்றால் “இஞ்ச” என்பார். மகன் பிறந்த பிறகு அது “அப்ஹாம்ட உம்மா” ஆனது. பெண்சாதியின் பெயரை அவர் வாயால் சொல்லி ஸஹீதா கேட்டதில்லை. மஸ்கட் வாங்கி வந்தால் மேசையில் வைப்பார், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு துண்டை எடுத்து நீட்டி “இந்தா தின்” என்று சொன்ன வரலாறு இல்லை.

அந்த மனிதர் இன்றைக்கு மாமியிடம் நாளெல்லாம் “ஸஹீதா, ஸஹீதா” என்று உருகுகிறார். ஸஹீதாவுக்கு வெயில் ஆகாதாம். ஸஹீதாவுக்கு முள்ளுள்ள மீன் வைக்கக் கூடாதாம். ஸஹீதா வந்ததும் கல்லடிப் பாலம் பார்க்கக் கூட்டிப்போக வேண்டுமாம். ஸஹீதா சீலைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்பார். முள்ளுள்ள மீனைத் தின்று தின்று வளர்ந்த ஸஹீதா!

“அவள் வெயில்ல போனா உருகிடுவாளாம். நான் இந்த வளவு முழுக்க வெயில்ல நிண்டு நெல்லுக் காயப்போட்டப்ப இவர்ர கண் எங்க இரிந்திச்சு?” என்று அடுத்த வீட்டுத் தங்கை நிஸ்மியாவிடம் கேட்டார்.

அடுத்த வீடு என்பது ஒரே வளவின் மற்றப் பாதி. வாப்பா காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். நடுவில் சுவர் ஒன்று, அதுவும் இடுப்பளவு. ஸஹீதாவுக்கு ஒரே மகன், அவனும் ஊருக்கு வந்தால் பெண்சாதி வீட்டில் இருப்பான். ஆகவே பேச்சுத் துணைக்கு அந்தச் சுவர்தான். ஆனால் நிஸ்மியாவிடம் இந்தக் கதையைச் சொன்னால் ஆறுதல் கிடைக்காது, எரிச்சல்தான் கிடைக்கும்.

“ராத்தா, உன்ட மனிசன் உன்ட பேரச் சொல்லிச் சொல்லி உட்காந்திரிக்கார். என்ட மனிசனப் பாரு.”

நிஸ்மியாவின் மனிசன் அசனார். தங்கமான ஞாபகசக்தி. எந்த ஆண்டு எந்த மாதம் கறிக்குப் புளி கூடியது என்று கேட்டால் சொல்வார். யாரும் கேட்கத் தேவையுமில்லை. நிஸ்மியாவின் பெயரும் நன்றாக ஞாபகம்; பிழை பிடிக்கிறபோது கூப்பிடுவார். ஸஹீதா அந்த ஞாபகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். நிஸ்மியா இந்த மறதியைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். இடுப்பளவுச் சுவருக்கு இரண்டு பக்கமும் வெப்பம் சமனாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் றிஸ்லா சீனிக் கதையைக் கொண்டுவந்தாள்.

றிஸ்லா நிஸ்மியாவின் கடைசி மகள். வந்தாறுமூலைக் கெம்பஸில் ஆய்வுகூடத்தில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மாவைப் பார்க்க வந்தபோது அவளிடமிருந்து ஸஹீதாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மணம் வந்தது. முத்தலிப்பின் சாரனில் ஆயுள் முழுக்கத் துவைத்தும் போகாத அதே மணம்.

“என்னடி மகள், கெம்பஸுக்குப் போறியா, மீன் சந்தைக்குப் போறியா?”

“நாங்க இப்ப றால் தலைதான் ஆராய்றம் பெரியம்மா. பெரியப்பாட மறதி வருத்தத்துக்குத்தான்.”

ஸஹீதா கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“றால் தலையிலயும் மேல் கோதுலயும் ஒரு வகைச் சீனி இரிக்கி. வாயில போட்டா இனிக்காது. மணி கோத்த மாதிரி நீளமா இரிக்கிற சீனி” என்று றிஸ்லா விரலால் காற்றில் மாலை கோத்துக் காட்டினாள். “மூளைக்குள்ள கத்திரிக்கோல் மாதிரி ஒண்டு இரிக்கி. அது ஒரு புரதத்தப் பிழையான இடத்தில வெட்டிப்போடும். வெட்டின துண்டெல்லாம் சேந்து கட்டியாகிடும். இந்தச் சீனி போய் அந்தக் கத்திரிக்கோல்ர வாயில சிக்கிக்கும். வெட்ட ஏலாது. வெளிநாட்டில பாத்து எழுதியிரிக்காங்க. எங்கட வாவி றால்லயும் அது இரிக்கா எண்டு நாங்க பாக்கிறம்.”

“அப்ப குடுத்தா இவருக்கு நான் ஆரெண்டு தெரியுமா?”

“இல்ல பெரியம்மா. கண்ணாடிக் குழாய்க்குள்ள வேல செய்யிது, அவ்வளவுதான். போன ஞாபகம் திரும்பி வரும் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. இன்னும் எவ்வளவோ பாக்கணும். முதல்ல எலிக்குக் குடுத்துப் பாப்பாங்க.”

“எலிக்கா?” ஸஹீதாவின் முகம் சிவந்தது. “எலி ஆர மறந்து போச்சாம்?”

றிஸ்லா சிரித்தாள். ஸஹீதா சிரிக்கவில்லை. தன் வீட்டுக் கட்டிலில் ஒரு மனிதர் பெண்சாதியை மறந்துவிட்டு உட்கார்ந்திருக்க, எங்கேயோ ஓர் எலி முந்திக்கொள்ளப் போகிறது. சக்களத்திக்கு அடுத்தபடி எலி.

“எனக்கு வேற ஒண்டும் வேணாம் மகள்” என்றார் ஸஹீதா. “ஒரே ஒரு தரம் என்ட முகத்தப் பாத்து ஸஹீதா எண்டு சொன்னாப் போதும். அவளுக்குச் சொல்றத எனக்குச் சொல்லணும்.”

“அவள் ஆரு பெரியம்மா? அதுவும் நீங்கதானே?”

“நானா? நானெண்டா ஏன் எனக்கு மஸ்கட் கிடைக்கல்ல?”

றிஸ்லா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இறால் கோதை அரைத்து, மருந்துகள் ஊற்றி, வடித்து, பிரித்துத்தான் அந்தச் சீனியை எடுக்க முடியும், வீட்டில் அவித்தால் கிடைப்பது வெறும் ஆணம், குடிக்கிற சாறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஸஹீதா இந்தப் பேச்சில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். றால் தலை. அவிப்பது. ஆணம்.

மறுநாள் மிளகும் உள்ளியும் மஞ்சளும் போட்டு இறால் தலை ஆணம் கொதித்தது. நிஸ்மியா சுவருக்கு மேலால் மூக்கை நீட்டினார். அடுத்த நாள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறந்தவர்கள்கூடத் தலை வாங்கத் தொடங்கினார்கள். இதுவரை சும்மா கொடுத்த தலைக்கு மீன்காரர் விலை சொன்னார். பரம்பரை பரம்பரையாக அந்தத் தலைகளைத் தின்று வந்த பூனைகள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து, ஸஹீதாவின் அடுப்படியை ஸஹீதா மற்றவளைப் பார்க்கும் அதே கண்ணால் பார்த்தன.

ஆணம் தயார். குடிக்க வைப்பது எப்படி? மாமி கையால் நேரே வாங்கிக் குடிக்க முத்தலிப்புக்குக் கூச்சம். சீலைக்குக் கீழால் கோப்பையைத் தள்ளினால், “இப்ப பசியில்ல மாமி” என்று மரியாதையாகத் திருப்பித் தள்ளுவார். கடைசியில் ஸஹீதா பல்லைக் கடித்துக்கொண்டு சீலைக்குப் பின்னால் நின்று சொன்னார்:

“ஸஹீதா இதக் குடிக்கச் சொல்லிட்டுப் போயிரிக்கா.”

கோப்பை ஒரே மூச்சில் காலியாகித் திரும்பி வந்தது.

மருந்து இறங்கிய சந்தோஷம் ஒரு பக்கம். நான் சொன்னால் பசியில்லை, அவள் சொன்னால் அடிக்கோப்பை தெரிகிறதா என்ற வயிற்றெரிச்சல் மறுபக்கம். அன்றிலிருந்து எல்லாம் அவள் பெயரில்தான் நடந்தது. ஸஹீதா குளிக்கச் சொன்னா. ஸஹீதா நகம் வெட்டச் சொன்னா. ஸஹீதா குளிசை போடச் சொன்னா. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாப் புகழையும் அவள் அடித்துக்கொண்டு போனாள்.

ஒவ்வொரு நாளும் அஸர் தொழுத பிறகு ஸஹீதா சீலையை விலக்கி நின்று சோதித்துப் பார்ப்பார்.

“இப்ப நான் ஆரு?”

முத்தலிப் எழுந்து சுவரைப் பார்ப்பார். “மாமி.”

ஸஹீதா மறுநாள் ஆணத்தில் தலையைக் கூட்டிப் போடுவார்.

ஆணத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. சூடாக ஏதாவது குடித்தால் மனிதர் கொஞ்சம் பேசுவார். சீலைக்கு அந்தப் பக்கம் மாமி நிற்பது தெரிந்தால், சுவரைப் பார்த்துப் பழைய கதை சொல்வார். அப்படி ஒரு நாள், கோப்பையை வைத்துவிட்டு அவர் சொன்னார்:

“மாமி, ஒரு கத சொன்னாக் கோபிக்க மாட்டீங்களே?”

“சொல்லச் சொல்லு” என்றார் ஸஹீதா, வழக்கப்படி சுவருக்கு.

“கலியாணத்துக்கு அடுத்த நாள் காலம்பற எனக்கு இஞ்ச இரிக்கவே பிடிக்கல்ல. ஆரும் பேசுறல்ல. எல்லாரும் மரியாத, மரியாத. உம்மாட வீட்ட போயிடுவம் எண்டு பெட்டியக்கூடப் பாத்தன். அப்பதான் தேத்தண்ணி வந்திச்சு. வாயில வெச்சா, சீனி இல்ல. உப்பு! ஒரு கை உப்பு! துப்பவும் ஏலா. நீங்க சீலைக்குப் பின்னால நிண்டு ‘தேத்தண்ணி எப்பிடி’ எண்டு கேட்டீங்க. நல்லா இரிக்கி மாமி எண்டு முழுசாக் குடிச்சன். சீலைக்கு அங்கால ஒரு சிரிப்பு. அடக்க ஏலாத சிரிப்பு. அது ஸஹீதா.” அவர் குரல் தாழ்ந்தது. “அந்தச் சிரிப்புக்குத்தான் மாமி நான் பெட்டியத் தூக்காம இரிந்திட்டன். இப்பிடி ஒரு குறும்புக்காரியோட எங்கயும் இரிக்கலாம்.”

ஸஹீதா சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் காலை அவருக்கும் ஞாபகம் இருந்தது. உப்புப் போட்டது ஸஹீதா இல்லை. புது மச்சானைப் பகிடி பண்ணுவது மச்சினிமாரின் உரிமை. ஒன்பது வயது நிஸ்மியா அடுப்படிக்குள் புகுந்து அதைச் செய்துவிட்டு, உம்மாவின் அகப்பைக் காம்பால் அடி வாங்கினாள். ஸஹீதாவுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் வெட்கமும் அந்த அடிச் சத்தமும்தான்.

அப்படியானால் இந்த மனிதர் இத்தனை காலமாகக் குடும்பம் நடத்தியது யாரோடு? பெட்டியைத் தூக்காமல் இருந்தது யாருக்காக? மஸ்கட் யாருக்கு? சக்களத்தியின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தது போல் ஸஹீதாவுக்கு இருந்தது. அந்த முகம் இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு இரண்டு மடங்கு தலை அவிந்தது. இப்போது ஸஹீதாவுக்குக் கணவரின் ஞாபகம் முன்னைவிட அவசரமாகத் தேவைப்பட்டது. பெயர் சொல்வதெல்லாம் பிறகு. ஒரு மணித்தியாலம், அரை மணித்தியாலம் தெளிந்தால்கூடப் போதும், நேரே நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் எதற்காகவோ இந்த வருத்தத்துக்கு மருந்து தேடுகிறார்கள். சண்டை பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத் தேடியவர் ஸஹீதா ஒருவராகத்தான் இருப்பார்.

றிஸ்லா வந்து பானையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். “பெரியம்மா, இதில அந்தச் சீனி ஒழுங்கா வாறதும் இல்ல, வந்தாலும் வயித்துக்குள்ள என்ன ஆகும் எண்டு எங்களுக்கே தெரியா. சும்மா பெரியப்பாட வயிறப் போட்டு வதைக்காதீங்க.”

“உங்கட மருந்து எப்ப வரும்?”

“தெரியா. வராமலும் போகலாம்.”

“அதுக்கிடையில அவள் இவர முழுசாக் கொண்டு போயிடுவாள்” என்றார் ஸஹீதா, சுவர்ப் பக்கம் பார்த்து.

றிஸ்லாவுக்கு விளங்கவில்லை. அவளுடைய உம்மாவைத்தான் சொல்கிறார் என்று எப்படி விளங்கும்?

அடுத்த நாள் நிஸ்மியா சுவருக்கு மேலால் ஒரு பாத்திரம் பாயாசத்தை நீட்டினார். ஸஹீதா வாங்கவில்லை.

“எனக்கு வேணாம். உன்ட மச்சானுக்குத்தானே கொண்டு வந்த? நீயே போய்க் குடு. சந்தோசப்படுவார்.”

“என்ன ராத்தா, குத்திப் பேசுறாய்?”

“கலியாணத்துக்கு அடுத்த நாள் தேத்தண்ணியில உப்புப் போட்டது ஆரு?”

நிஸ்மியா கண்ணைச் சுருக்கினார். பிறகு முகம் முழுக்க விரிந்தது. “அல்லாஹ்! நான்தான். அகப்பைக் காம்பு முறிஞ்ச அடி. ஏன், இப்ப அதுக்கு என்ன?”

ஸஹீதா கதையைக் கொட்டினார். உப்பு, பெட்டி, சிரிப்பு, குறும்புக்காரி. “அவர் காத்துக்கொண்டிரிக்கிறது உனக்குத்தான். என்ட பேரச் சொல்றார், அவ்வளவுதான். ஆள் நீ.”

நிஸ்மியா பாத்திரத்தைச் சுவரில் வைத்தார்.

“விசரா ராத்தா உனக்கு? உப்புப் போட்டது நான். சிரிச்சது ஆரு?”

“நீதான்.”

“நான் எங்க சிரிச்சன்? உம்மா என்ட காதப் பிடிச்சு வெச்சிரிந்தா. சிரிச்சது நீ. சீலைய வாய்க்குள்ள அடைச்சு அடைச்சு, கண்ணால தண்ணி வர வர நீதான் சிரிச்ச. ‘சத்தம் போடாத, மாப்பிள்ளைக்குக் கேக்கும்’ எண்டு உம்மா உனக்குத்தான் சொன்னா. அடி மட்டும் எனக்கு விழுந்திச்சு.”

“பொய். நான் வெட்கத்தில அழுதன்.”

“அழுதது பிறகு. முதல்ல சிரிச்ச.”

ஸஹீதா தேடிப் பார்த்தார். வெட்கம் இருந்தது, அகப்பைக் காம்பு இருந்தது, அடுப்புப் புகைகூட இருந்தது. சிரிப்பு இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

“எனக்குப் பாவம் பாத்துச் சொல்றாய்.”

“உனக்குப் பாவம் பாக்க எனக்கென்ன தேவ?” நிஸ்மியாவின் குரல் உயர்ந்தது. “எரிச்சல்ல சொல்றன் ராத்தா. உப்புப் போட்டது நான், அடி பட்டது நான், மச்சான் இரிந்தது உனக்கு. என்ட மனிசன் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிரிக்கார், நான் எப்ப சிரிச்சன் எண்டு ஒரு நாள் சொன்னாரா? உன்ட மனிசன் எல்லாத்தையும் மறந்து போட்டு அத மட்டும் வெச்சிரிக்கார். நீ என்னடாவெண்டா அதுக்கும் சண்டைக்கு வாறாய். நான் உன்ட இடத்தில இரிந்தா அந்தச் சீலைக்குப் பின்னாலயே பாயப் போட்டுப் படுத்திரிப்பன்.”

பாயாசத்தையும் எடுத்துக்கொண்டு நிஸ்மியா உள்ளே போய்விட்டார்.

அதை நம்புவதா விடுவதா என்று ஸஹீதாவுக்குத் தெரியவில்லை. வருத்தக்காரனுக்கு ஞாபகம் இருப்பது சுகமாக இருக்கிற தனக்கு ஏன் இல்லை? றிஸ்லாவின் கத்திரிக்கோல் தன் தலைக்குள்ளும் வெட்டத் தொடங்கிவிட்டதா? அல்லது தங்கை, தனக்குச் சேர வேண்டிய சிரிப்பைத் தூக்கித் தந்துவிட்டுப் போகிறாளா? அப்படியொன்றும் தாராளக் கையுமில்லை அவளுக்கு. பாயாசத்தைக்கூடத் திரும்பக் கொண்டுபோய்விட்டாளே.

சிரித்தது யார் என்று தெரிந்த ஒரே மனிதர் அறைக்குள் இருந்தார். அவரிடம் எப்படிக் கேட்பது? மாமி கேட்கிற கேள்வியா இது?

மறுநாள் காலை ஸஹீதா ஆணம் வைக்கவில்லை. பூனைகள் நம்பிக்கையோடு மதிலில் நிமிர்ந்தன. தேத்தண்ணி ஊற்றினார். சீனிப் போத்தலைத் திறந்தார், மூடினார். உப்புச் சிரட்டையை எடுத்தார். முத்தலிப்புக்குப் பிரசர் இருப்பது ஞாபகம் வந்து கை நின்றது. பிறகு கரண்டி நுனியால் அள்ளிப் போட்டார். நிஸ்மியாவின் அளவு இல்லை, பிரசர்காரனுக்கு ஏற்ற அளவு. கலக்கினார்.

கோப்பை சீலைக்குக் கீழால் போனது.

“தேத்தண்ணி வெச்சிரிக்கி.”

“ஓம் மாமி.”

ஸஹீதா சீலையில் காதை வைத்துக் கொண்டு நின்றார். சிரிக்க வேண்டும் என்று வந்தவர்தான். ஆனால் சிரிப்பு ஏவினால் வருகிற சாமானா? சிரித்தது நிஸ்மியா என்றால் தன் சிரிப்பை அவருக்கு அடையாளம் தெரியப் போவதில்லை. “மாமி ஏன் சிரிக்கிறாங்க” என்று கேட்பார். அதோடு எல்லாம் முடிந்தது.

உறிஞ்சும் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு மறுபடியும் உறிஞ்சும் சத்தம், மெதுவாக, கடமையாக, அடிவரைக்கும். கோப்பை தட்டத்தில் வைக்கப்பட்டது. தொண்டையைச் செருமும் சத்தம்.

“தேத்தண்ணி எப்பிடி?” என்று கேட்டார் ஸஹீதா. குரல் உம்மாவின் குரலாகவே வந்தது.

“நல்லா…” முத்தலிப் விழுங்கினார். “நல்லா இரிக்கி மாமி. இன்னும் கொஞ்சம் இரிந்தாலும் குடிக்கலாம்.”

அந்த மரியாதை! உப்புத் தண்ணியைக் குடித்துவிட்டு இன்னும் கேட்கிற அந்த மரியாதைப் பொய்! ஸஹீதாவுக்கு வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பியது. அடக்கினார். மூக்கால் வந்தது. சீலை நுனியை அள்ளி வாய்க்குள் அடைத்தார். அடைத்த கையோடு, பல்லில் பட்ட அந்தச் சீலையின் பஞ்சு ருசியோடு, தேடியும் கிடைக்காத அந்தக் காலை முழுதாக வந்து நின்றது. இதே வாசல். இதே மாதிரி வாய்க்குள் சீலை. உம்மாவின் “சத்தம் போடாத”. சிரித்தது நான்தான். அல்லாஹ், நான்தான்!

பிறகு அடக்க முடியவில்லை. அறுபத்தைந்து வயது உடம்பு குலுங்கியது, கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது, கண்ணால் தண்ணீர் வந்தது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. காலடி சீலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“மாமி” என்றார் முத்தலிப், மிகவும் தாழ்ந்த குரலில், வெட்கத்தோடு. “கொஞ்சம் அடுப்படிப் பக்கம் போங்களன். ஸஹீதா வந்திரிக்கி.”

ஸஹீதாவின் கை சீலையைப் பிடித்திருந்தது. விலக்கினால் என்ன நடக்கும் என்று தெரியும். வெள்ளை முக்காடு, தடித்த கண்ணாடி. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும் என்று கேட்ட பெண், முகத்தைச் சீலைக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டார்.

“உம்மா போயிட்டா” என்றார்.

தலையணை தூக்கப்படும் சத்தம் கேட்டது. சீலையின் ஓரத்தால் ஒரு கை வெளியே வந்தது. நகம் வெட்டிய, நரம்பு புடைத்த கை. அதில் கசங்கிய கடதாசி. கடதாசிக்குள் முந்தாநாள் மஸ்கட், அதன் மேல் நாலைந்து எறும்பு.

ஸஹீதா வாங்கினார்.

“முழுசாத் தின்” என்றார் முத்தலிப், சீலைக்கு அந்தப் பக்கமிருந்து. “மாமிக்கு வைக்காத, என்ன ஸஹீதா?”